யாருக்கும் வேண்டாத ஐந்து பைசா

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

“ஒண்ணும் இல்லம்மா,” என்றார். “கழுத்துலேர்ந்து அடிவயிறு வரைக்கும் எடுத்தாச்சு. காசு உள்ள இருந்தா பளிச்சுன்னு வெள்ளையா, வட்டமாத் தெரியும். இதுல எங்கயுமே இல்ல, பாருங்க.”

என் தம்பி மனைவி ரோஸ்லின் சுவரில் அப்படியே சாய்ந்துகொண்டு அழுதாள். வீட்டிலிருந்து தருமபுரி வரும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். தம்பி சேவியர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் தோளில் சாய்ந்திருந்த ஷெரினுக்கு நாலு வயது. அவள் வாயிலிருந்து எச்சில் வழிந்து அப்பாவின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்க அவள் முயற்சிகூடச் செய்யவில்லை.

“வாயில போட்டுட்டுத் துப்பியிருப்பா. தொண்டையில கீறல் விழுந்திருக்கும். அதான் விழுங்க மாட்டேங்கறா,” என்றார் டாக்டர். “மருந்து எழுதித் தர்றேன். ரெண்டு நாள்ல சரியாயிடும். வூட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்.”

அவர்கள் இருவருக்கும் உயிர் திரும்பி வந்தது. நான் மட்டும் சுவரோரம் நின்றிருந்தேன். என் கையிலிருந்த மணிபர்ஸுக்குள் ஒன்பது ஐந்து பைசாக்கள் இருந்தன. அன்று காலையில் நான் குழந்தையிடம் கொடுத்தது பத்து.

கேட்டவருக்குப் பதில்

கம்பைநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். “காலணா, தம்படி, வெள்ளி ரூபாய் என்று வாராவாரம் எழுதுகிறீர்களே அம்மா, நாங்கள் பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் வாங்கின அலுமினியக் காசைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? உங்களிடம் அது இல்லையா?”

இருக்கிறது. கிலோக்கணக்கில் இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்கு அந்த ஆஸ்பத்திரி அறைதான் காரணம். மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னும் தள்ளிப் போட்டால் எழுதவே மாட்டேன் என்று தோன்றியதால் இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் லூர்து மேரி. காரிமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்க்கோடியில் தம்பி வீட்டில் முன்னறை எனக்கு. அதிலேயே ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், ஒரு பீரோ. பீரோவில் சேலைகளைவிட நாணயங்கள் அதிகம்.

தகரம்

ஆரம்பத்தில் எனக்கு எல்லாக் காசும் ஒன்றுதான். எங்கள் மாதா கோயில் உண்டியலில் செல்லாத காசு விழும். சாமிக்குத்தானே என்று போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. பங்குச்சாமியார் அதையெல்லாம் ஒரு டப்பாவில் ஒதுக்கி வைத்து, “லூர்து, உன் சொத்து வந்திருக்கு,” என்பார். அதற்கு ஈடாக நான் நல்ல பணம் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வேன். அப்படி வந்ததில் பெரும்பாலும் அலுமினியம்தான்.

எனக்கு அதன் வடிவங்கள் பிடித்திருந்தன. ஒரு பைசா சதுரம். இரண்டு பைசாவுக்கு ஓரம் நெளிநெளியாக இருக்கும். மூன்று பைசா அறுகோணம். ஐந்து பைசா முனை மழுங்கின சதுரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தொட்டே கண்டுபிடிக்க வசதி. வருஷவாரியாகப் பிரித்து, ஆல்பத்தில் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் பேர் எழுதி வைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை.

அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு சேலத்தில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே மேஜை போட்டிருந்த ஒருவர் நாலு பக்கம் புரட்டினார். ஐந்தாவது பக்கத்தில் மூடினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் தகரம்ங்க.”

“அலுமினியம்ங்க,” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதான். இதை யாரும் சேக்க மாட்டாங்க,” என்றவர், என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, பொறுமையாகவே விளக்கினார். ஒரு ஐந்து பைசாவை எடுத்து மேஜைமேல் போட்டார். சட்டைப் பொத்தான் விழுந்தமாதிரி ஒரு சத்தம். அதன் பக்கத்திலேயே ஒரு ஓட்டைக் காலணாவைப் போட்டார். அது பேசியது. “கையில எடுத்தா கனம் வேணும்ங்க. கீழ போட்டா நாதம் வேணும். இதுல ரெண்டுமில்ல. நகத்தால கீறினாக் கோடு விழுது. வேர்வை பட்டா வெள்ளையாப் பூத்துப் போவுது. கோடிக்கணக்குல அடிச்சுட்டாங்க, எல்லார் வூட்லயும் கெடக்குது. அப்புறம் எதுக்கு ஒருத்தன் தேடி வாங்குவான்?”

அவர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. இருபது பைசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமரைப் பூப் போட்ட பித்தளை நிற இருபது பைசா என்றால் எங்கள் தெருவிலேயே போட்டி. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்தார்கள். லட்சுமி பூஜைக்கு நூற்றெட்டு வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மா என்னிடமே கேட்டிருக்கிறார். பின்னால் அதே இருபது பைசாவை ஆறு மூலையாக அலுமினியத்தில் அடித்தார்கள். அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மதிப்பு ஒன்றுதான். உலோகம் மாறியதும் மரியாதை போய்விட்டது.

சேலத்திலிருந்து திரும்பி வந்த அன்றே ஆல்பத்திலிருந்து அலுமினியத்தையெல்லாம் உருவினேன். அந்த இடத்தில் செம்பையும் வெள்ளியையும் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அலுமினியம் ஒரு பிஸ்கட் டின்னுக்குப் போயிற்று. டின் கட்டிலுக்கு அடியில். பூட்டு கிடையாது.

பூட்டுகிற அளவுக்கு அது பெரிய பொருளா என்ன என்று அன்று நினைத்தேன்.

கடை விளையாட்டு

மாங்காய் இறங்கும் பருவம். சேவியர் தன் சின்ன சரக்கு வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தான். எனக்கு ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகள் அவசரம். கடைக்குப் போனால் ஆட்கள் வந்து பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஷெரின் வந்து என் முழங்கையை இழுத்தாள். “அத்தை, கடை வெளாடலாம்.”

“அத்தைக்கு வேல இருக்கு கண்ணு. நீயே வெளாடு.”

“காசு குடு.”

புழங்குகிற காசைக் கொடுத்தால் அழுக்கு. யார் யார் கைபட்டதோ. அப்படித்தான் யோசித்தேன். ஆகவே கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்து, பத்து ஐந்து பைசாக்களை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். கழுவிக் கொடுத்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவள் பாயில் புளியங்கொட்டை, வெங்காயம் எல்லாம் பரப்பிக் கடை போட்டாள். நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்து முடித்திருந்தேன்.

மிஷின் சத்தத்துக்கு ஊடே ஒரு இருமல் கேட்டது. இருமல் மாதிரி இல்லை, கோழி கேவுகிறமாதிரி. திரும்பினால் பாயில் அவள் இல்லை. கூடத்தில், மாதா படத்துக்குக் கீழே, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, கண் பிதுங்கியிருந்தது. நான் ஓடுவதற்குள் ரோஸ்லின் ஈரக் கையோடு ஓடிவந்து அவளைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினாள். எச்சில் வந்தது, கொஞ்சம் பால் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மூச்சு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வெளியே வந்தது.

“என்னடி முழுங்கின? சொல்லு சாமி, என்ன முழுங்கின?”

“காசு,” என்றாள் குழந்தை, தொண்டையைக் காட்டி.

மாதா படத்தட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைக்காக ஒரு ரூபாய்க் காசுகள் எப்போதும் கிடக்கும். ரோஸ்லின் அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இந்த ஒரு ரூபாயத்தான் எடுத்துட்டாளா அண்ணி? நாக்காலி போட்டு ஏறினாளா?”

“தெரியலையே ரோஸ்லின்,” என்றேன்.

இதை எழுதும்போதுகூடக் கை கொஞ்சம் நிற்கிறது. அவள் சேவியருக்குப் போன் செய்துகொண்டிருந்த அந்த இடைவெளியில் நான் முன்னறைக்குப் போய்ப் பாயை உதறினேன். ஒன்பது இருந்தது. மிஷினுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், வெங்காயத்துக்கு நடுவில், எல்லா இடத்திலும் தேடினேன். ஒன்பதுதான். அதை வாரிப் பர்ஸில் போட்டு மூடினேன்.

பேசாமல் வந்த தூரம்

சேவியர் பாதி லோடோடு வந்துவிட்டான். முன்சீட்டில் ரோஸ்லினும் நானும் நெருக்கி உட்கார, குழந்தை எங்கள் இருவர் மடியிலும். தருமபுரிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அன்று தீரவில்லை. வண்டி குதிக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் தொண்டையைப் பார்த்தேன். எச்சில் என் சேலையில் இறங்கியது.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு உரிமை இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ரோஸ்லின் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் தட்டில் சோறு குறைந்ததில்லை. இருந்தாலும், இருக்கிற இடம் நமக்கு எழுதி வைத்ததல்ல என்பது உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவளுக்கு என் காசுகளைக் கண்டால் ஆகாது. “பசங்க இருக்கற வூட்ல எதுக்கு அண்ணி இந்தக் குப்ப?” என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் சொன்னதே நடந்துவிட்டது.

எப்படியும் எக்ஸ்ரே எடுப்பார்கள், காசு தெரியும், எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் காசு என்று யார் கேட்கப் போகிறார்கள்? குழந்தை பிழைத்தால் போதும். நானும் வாய் திறக்காமல் தப்பித்துவிடலாம்.

அந்தக் கணக்குதான் வெளிச்சப் பெட்டியின் முன்னால் பொய்த்துப் போனது.

வாழைப்பழம்

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். சின்ன வயது, முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். (ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.) வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கதவிடுக்கில் தலை நீட்டி, “வாழப்பழம் குடும்மா, தொண்டையில எது இருந்தாலும் எறக்கிவுட்ரும்,” என்றார். ரோஸ்லின் உடனே சேவியரை அனுப்பினாள். வாசலிலேயே பழக்கடை. ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டான். அவள் தோலை உரித்தாள்.

வெள்ளையாகத் தெரியும் என்றாரே டாக்டர், ஏன் தெரியவில்லை? காசு இல்லாததாலா? மேஜைமேல் பொத்தான் மாதிரி விழுந்த அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. கனமே இல்லாத உலோகம். கதிரை அது எப்படி மறிக்கும்? எனக்கு எக்ஸ்ரே பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் காசைப் பற்றித் தெரியும். அது உள்ளே இருக்கிறது என்றும் தெரியும். அது வட்டமில்லை, நாலு மூலை உள்ளது என்றும் தெரியும்.

ரோஸ்லின் பழத்தைப் பிட்டுக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். பழம் கீழே விழுந்தது.

“என்னங்க அண்ணி?”

“குடுக்காத. காசு உள்ளதான் இருக்குது.”

“டாக்டரே இல்லைன்னுட்டாரு...”

“அவ முழுங்கினது ஒரு ரூபா இல்ல ரோஸ்லின். அஞ்சு பைசா. நாந்தான் வெளாடக் குடுத்தேன். பத்து குடுத்தேன். ஒம்பதுதான் இருக்குது.” பர்ஸைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தேன். “காலையிலயே தெரியும். சொல்லல.”

சேவியர்தான் முதலில் பேசினான். அவன் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “தெரிஞ்சே வண்டியில பேசாம வந்தியாக்கா?”

ரோஸ்லின் எட்டி, சேவியரின் தோளிலிருந்து குழந்தையை வாங்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டு, எனக்கும் தனக்கும் நடுவே இரண்டடி விட்டுத் தள்ளி நின்றாள்.

என்னை எடுங்க

டாக்டர் ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். முன்பின் பார்க்காத பொருளைப் பார்க்கிறமாதிரி. உண்மையிலேயே பார்த்ததில்லை. அவர் காசு வாங்கி மிட்டாய் தின்கிற வயதுக்கு வருவதற்குள் அது புழக்கத்திலிருந்து போயிருந்தது.

“இது காசா? இவ்வளவு லேசா இருக்கு. என்ன மெட்டல்?”

“அலுமினியம்ங்க.”

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். “அலுமினியமா இருந்தாலும் கொஞ்சமாவது தெரியணுமே...” என்று இழுத்தார். “நீங்க இன்னொரு வாட்டி வூட்ல தேடிப் பாருங்கம்மா. பாயில, எங்கயாவது விழுந்திருக்கும். இல்லாத காசைத் தேடிக் கொழந்தைக்கு மயக்க மருந்து குடுக்க முடியாதில்லையா?”

நியாயமான பேச்சுதான். ஆனால் வீட்டுக்குப் போய்த் தேடித் திரும்ப ஒன்றரை மணி நேரம். ஷெரின் இப்போது அழுவதைக்கூட விட்டுவிட்டாள். வாயைத் திறந்தபடி, கண்களை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க,” என்றேன். “இந்தக் காசையும் ஒரு ரூபாயையும் என் முதுகுல ஒட்டி ஒரு படம் எடுங்க. ரெண்டும் தெரிஞ்சா நான் சொன்னது பொய். நாங்க போயிடறோம்.”

அவர் என்னைப் பார்த்தார். இப்படி ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். சரியென்று சொல்ல அவருக்கு விதி இடம் கொடுத்ததா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டினார். பிறகு எழுந்து, “வாங்க,” என்றார்.

எக்ஸ்ரே அறை சில்லென்றிருந்தது. எடுக்கிறவர் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, என் கழுத்துக்குக் கீழே முதுகெலும்பின் மேல் ஒரு ரூபாயையும், அதற்கு ஒரு விரல் கீழே ஐந்து பைசாவையும் ஒட்டினார். எனக்கு ஐந்து பைசா ஒட்டியதே தெரியவில்லை. “மூச்சைப் புடிங்க,” என்றார். அந்த ஒரு மூச்சில் நான் வேண்டிக்கொண்டதை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. என் காசு தெரியக் கூடாது மாதாவே என்று வேண்டினேன்.

படம் வந்தது. டாக்டர் அதைக் குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

என் முதுகெலும்பின் நடுவில் ஒரு ரூபாய் முழு நிலாவாக நின்றது. அதற்குக் கீழே எலும்பு மட்டும்தான் இருந்தது. விரலை வைத்துக் காட்டினாலும் ஐந்து பைசா அங்கே இல்லை.

“அடேயப்பா,” என்றார் டாக்டர், மெதுவாக. அடுத்த நொடி அவர் வேறு ஆளாகிவிட்டார். “கொழந்தையக் கொண்டாங்க. பக்கவாட்டுல திருப்பி ஒண்ணு எடுக்கணும். வாயில ஒண்ணும் குடுக்காதீங்க, தண்ணிகூட வேணாம்.”

ஒரு முடிக்கோடு

பக்கவாட்டுப் படத்திலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் பென்சில் முனையால் காட்டின பிறகுதான் தெரிந்தது. கழுத்தும் நெஞ்சும் சேருகிற இடத்தில், தலைமுடி விழுந்தமாதிரி ஒரு மெல்லிய சாம்பல் கோடு. காசு ஓரமாகத் திரும்பி நிற்பதால் அவ்வளவாவது தெரிகிறது என்றார். முன்பக்கமாகப் பார்த்தால் எலும்பும் சதையும் அதை விழுங்கிவிடுகின்றன.

தொண்டை டாக்டர் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. ரோஸ்லின் குழந்தையோடு ஒரு பெஞ்சில். நான் எதிர்ப் பெஞ்சில். சேவியர் நடந்துகொண்டே இருந்தான். ஒரு தடவை என் முன்னால் நின்று, “அந்த டின்ன இன்னிக்கே தூக்கிக் கெணத்துல போடறேன் பாரு,” என்றான். நான் தலையாட்டினேன். போடட்டும். எல்லாவற்றையும் போடட்டும். வெள்ளியையும் சேர்த்துப் போடட்டும்.

உள்ளே கொண்டுபோகும்போது ஷெரின் கையை நீட்டினாள். அம்மாவிடம் நீட்டினாளா என்னிடமா என்று தெரியவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். அந்தக் கதவில் பச்சை வண்ணம் அடித்திருந்தது, கைப்பிடிக்குக் கீழே உரிந்து போயிருந்தது. உரிந்த இடம் எப்படி இருந்தது என்று இப்போதும் வரைந்து காட்ட முடியும்.

கதவு திறந்தது. தொண்டை டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். வயதானவர். “எத்தனையோ காசு எடுத்திருக்கேன்,” என்றார். “இது மாதிரி மறைஞ்சுக்கிட்டது இல்ல. ரெண்டு மூலை குத்திப் புண்ணாக்கியிருக்கு. இன்னும் நாலஞ்சு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது. இப்ப நல்லாயிருக்கா.”

ரோஸ்லின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இளைய டாக்டர் டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பிறகு தயங்கி, “அம்மா, இது உங்களுக்கு வேணுமா? நான் வெச்சுக்கட்டுமா? எங்ககூட வேல பாக்கற டாக்டர் பசங்களுக்குக் காட்டணும்,” என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு அலுமினியக் காசை விரும்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முதுகில் ஒட்டியதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

வீடு

ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பும்போது குழந்தை அம்மா மடியில் தூங்கிவிட்டாள். காரிமங்கலம் நெருங்கும்போது ரோஸ்லின் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

“நீங்க சொல்லலைன்னா நான் வாழப்பழத்த ஊட்டி வூட்டுக்குக் கூட்டியாந்திருப்பேன் அண்ணி. அது எனக்குத் தெரியும்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “அதுக்காக மனசு ஆறிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க,” என்றாள்.

நினைக்கவில்லை என்றேன்.

டின்னைச் சேவியர் கிணற்றில் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோபம் தணிந்து, “நீயே எதாச்சும் பண்ணு,” என்று விட்டுவிட்டான். நானே எறிந்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எறியவில்லை. பீரோவில் வெள்ளியையும் செம்பையும் ஒரு ஓரமாகத் தள்ளி, அலுமினியத்தை உள்ளே வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது.

கிட்டத்தட்ட இரண்டு மாதம் ரோஸ்லின் குழந்தையை என் அறைக்கு விடவில்லை. சண்டை எதுவும் இல்லை. வேளாவேளைக்கு, “சாப்பிட வாங்க அண்ணி,” என்பாள். ஆனால் ஷெரின் என் நிலைப்படியில் கால் வைத்தால் சமையல்கட்டிலிருந்து, “இங்க வாடி,” என்று குரல் வரும். காரிமங்கலத்தில் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை வாடகைக்கு வருகிறது என்றார்கள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். ஜன்னல் இல்லாத அறை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரமே ஒரு காலையில் ரோஸ்லின் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் துணிப்பை, இடுப்பில் ஷெரின்.

“ரேஷன் கடைக்குப் போறேன். கைரேக வெக்கணுமாம், நானேதான் போவணும். வெயில்ல இவளக் கூட்டிட்டு நிக்க முடியாது.”

சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மிஷினுக்கு அடியில் பார்த்தாள். பாயைத் தூக்கி உதறிப் போட்டாள். ஜன்னல் மேடையில் கிடந்த இரண்டு பொத்தான்களை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் சுவரோடு ஒதுங்கி நின்று அவள் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

பிறகு குழந்தையை இறக்கிவிட்டாள். “பாத்துக்குங்க அண்ணி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று நான் தைக்கவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. ஷெரின் பேசிக்கொண்டே இருந்தாள், நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏன் அத்தை என்னயே பாக்கற?” என்றாள். “சும்மா கண்ணு,” என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி ரோஸ்லின் வந்தாள். அரிசிப் பையை வாசலிலேயே இறக்கிவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். முதலில் குழந்தையைப் பார்த்தாள், பிறகு என்னை. வேர்வையைத் துடைத்துக்கொண்டே எங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“என்னா கூட்டம் அண்ணி,” என்றாள். “கொஞ்சம் தண்ணி குடுங்க.”